நன்னூலில் விட்டுப்போன மாணாக்கன்

அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று மாணாக்கர்களை எட்டு உவமைகளில் அடக்கி வைத்தது நன்னூல். நெய்யரி என்றால் பன்னாடை. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். 13-ஆம் நூற்றாண்டில் செல்போன் இல்லாததால் பவணந்தி முனிவருக்கு ஒன்பதாவது ஆள் அகப்படவில்லை. எனக்கு வகுப்புக்கு நாலு பேர் அகப்படுகிறார்கள்.

அதில் ஒருவன் முதல் பெஞ்சு. கட்டுரை எழுதிய கையோடு ஏஐயிடம் காட்டிவிடுவான். அது என்ன சொன்னாலும் சரி. ‘இன்னும் மெருகேற்றித் தரட்டுமா?’ என்று அது கேட்கும். சம்பந்தி வீட்டில் அஞ்சாவது தோசையை வேண்டாமென்று சொல்லக் கூச்சப்படுகிறவனைப் போல இவனும் தலையாட்டுவான். விடிவதற்குள் ஏழு பிரதி.

பேருந்து நிலையத்தருகே கூழ் விற்கும் தன் ஆயாவைப் பற்றி எழுதியிருந்தான். முதல் பிரதியில் ஒரு வரி: ‘காசு கம்மியா இருக்கறவங்களுக்கு ஆயா ஒரு மோர்மிளகா கூட வச்சுத் தரும்.’ எனக்கே பொறாமையாக இருந்தது. ஏழாவது பிரதியில் ஆயா ‘எளிய மக்களின் பசிப்பிணி போக்கும் பண்பாட்டுத் தூணாக’ விளங்கிக்கொண்டிருந்தார். மோர்மிளகாயைக் காணோம். அடுத்து எந்தச் சொல் பெரும்பாலும் வரும் என்று கணக்குப் போடுவதுதானே அந்த யந்திரத்தின் தொழில்? மோர்மிளகாய் பெரும்பாலும் வராத சொல்.

‘வந்து போனார்கள்’ என்று சரியாகத்தான் எழுதியிருந்தான். நடுவில் ஒரு ‘ப்’ போடச் சொல்லியிருக்கிறது, போட்டுவிட்டான். மென்தொடர்க் குற்றியலுகர வினையெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகாதே என்றேன்.

“ஏஐயே சொல்லிச்சு சார்.”

“என் எதிர்லயே கேளுப்பா.”

கேட்டான். ‘மன்னிக்கவும், ப் வராது’ என்றது.

“இல்ல, வரும்னு அடிச்சுச் சொல்லிப் பாரு.”

‘நீங்கள் சொல்வதே சரி, வரும்’ என்றது.

ஆமாஞ்சாமிக்கு வாய்த்த ஆமாஞ்சாமி! 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம், அளவுக்கு மீறிக் குழைகிறது என்று ஜிபிடி-4ஓ என்ற தன் ஏஐயின் புதுப்பிப்பு ஒன்றைத் திரும்பப் பெற்றது. யந்திரம் குழைந்தால் கழற்றி வைக்க ஆள் இருக்கிறது. என் மாணவனை யார் திரும்பப் பெறுவார்கள்?

எனவே ஒரு வேலை கொடுத்தேன். அது சொன்ன ஒவ்வொரு திருத்தத்துக்கும் எதிரே ‘ஏற்றேன்’ அல்லது ‘மறுத்தேன்’ என்று எழுதி, ஏன் என்றும் எழுதி வர வேண்டும். மறுநாள் கொண்டுவந்தான். மொத்தம் 14 திருத்தம். பதின்மூன்றில் ‘ஏற்றேன், நல்ல யோசனை.’ ஒன்றில் மட்டும் ‘மறுத்தேன்.’ ‘ஆயா’வைப் ‘பாட்டி’ ஆக்கச் சொன்ன இடம் அது. காரணம் எழுதியிருந்தான்: ‘பாட்டின்னு கூப்ட்டா எங்க ஆயா திரும்பியே பாக்காது.’

அசந்துபோனேன். தட்டிக்கொடுக்கலாம் என்று கையை நீட்டும்போதே பையன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துவிட்டான்.

“சார், இந்தக் காரணம் சரியான்னு அதுகிட்ட ஒரு தடவ கேட்டுக்கட்டுமா?”