ஐம்பது நாள் சந்தோஷம்

ஒருசந்தியில் தோற்பது எனக்குப் பழகிவிட்டது. தவக்காலம் வந்தால் காபியை விடுவேன். விட்ட இடத்தில் டீ வந்து உட்காரும். சாம்பல் புதன் முதல் பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள். ஞாயிறு ஆறையும் கழித்தால்தான் நாற்பது. ஆக, ஞாயிறு காபிக்குத் தடையில்லை. ஞாயிறு திருப்பலியைச் சனி மாலையிலேயே வைக்கிறார்களே, அப்போது சனி மாலைக் காபியும் செல்லும் என்று சட்டத்தை நானே நீட்டிக்கொண்டேன்.

பாஸ்கா திருவிழிப்பில் நிலைமை இன்னும் மோசம். விளக்கெல்லாம் அணைத்த இருட்டில், கோயிலுக்கு வெளியே புது நெருப்பு மூட்டும்வரை நன்றாகவே விழித்திருப்பேன். சாமியார் பாஸ்கா திரியில் சிலுவை கீறி, அந்த ஆண்டின் நான்கு எண்களைப் பொறித்து, ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகளைக் குத்துவதை முண்டியடித்துப் பார்ப்பேன். உள்ளே போய் உட்கார்ந்தால்தான் வினை. பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. சாமியார் மூன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமே என்பதுதான் அன்றிரவு என் முதல் மன்றாட்டு. எத்தனை குறைத்தாலும் செங்கடலைக் கடக்கும் வாசகத்தை விடக் கூடாது என்பது விதி. நான் தவறாமல் தூங்குவதும் அதில்தான். வானவர் கீதத்துக்கு மணிகள் முழங்கும்போது மனைவி முழங்கையால் இடிப்பாள்: "ஏங்க, எந்திரிங்க. ஆண்டவரே எந்திரிச்சிட்டாரு!" கெத்சமனியில் பேதுருவே தூங்கினார் என்று ஒரு பதில் வைத்திருக்கிறேன். எடுபடுவதில்லை.

இவையெல்லாம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லித் தீர்த்துவிடலாம். சொல்லவே தோன்றாத தோல்வி ஒன்று உண்டு. உயிர்ப்புக் காலம் பெந்தெகொஸ்தே வரை 50 நாள்; தவக்காலத்தின் நாற்பதைவிடப் பத்து நாள் அதிகம். முதல் எட்டு நாளும் பெருவிழா. 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள், இந்த நாட்களில் முழந்தாளிடாமல் நின்றே செபிக்க வேண்டும் என்றுகூட விதித்தார்கள். முழந்தாளிட்டு மூக்கைச் சிந்தச் சொன்னால் எனக்குச் சுலபம்; நிமிர்ந்து நின்று மகிழச் சொன்னால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ஈஸ்டர் பிரியாணியின் மிச்சத்தைத் திங்கட்கிழமை சூடு பண்ணும்போதே பழைய முகம் திரும்பிவிடும்.

ஒரு ஈஸ்டர் வாரத்தில் மின்கட்டண ரசீதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். "இன்னும் பெரிய வெள்ளியாப்பா?" என்றாள் மகள்.

"இல்லம்மா, மாசக் கடைசி."