ஒரே வீடு, பல அடுப்பு

கேள்வி: கானாடுகாத்தானில் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தேன். ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வந்தேன்! இவ்வளவு பெரிய வீட்டை எப்படித்தான் கூட்டிப் பெருக்கினார்களோ?

பதில்: கூட்டிப் பெருக்கியதோடு விடவில்லை, அழகாக வகுத்தும் வைத்தார்கள்! முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் பத்தி எனும் தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் அறை. படுக்கப் பத்தி இருக்கிறது. அறை பெரும்பாலும் சீர்வரிசைச் சாமான்களுக்குத்தான்.

கல்யாணமான சில காலத்தில் புதுத் தம்பதியை 'வேறு வைத்து'விடுவார்கள். அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் கொடுத்துத் தனிச் சமையல். கோயில் கணக்கிலும் அவர்கள் தனிப் 'புள்ளி', அதாவது தனிக் குடும்பம். கூடத்தில் ஒரே குடும்பம், அடுப்படியில் பல குடும்பம். மாமியார், மருமகள் சண்டையைத் தீர்க்க இதைவிட நல்ல கட்டடக்கலையை நான் பார்த்ததில்லை!

மழைத் தண்ணீரையும் வீணாக்கவில்லை. நாலு பக்கமும் சாய்ந்த ஓட்டுக்கூரை அதை முற்றத்தில்தான் கொட்டும். அண்டா, கிடாரம் எல்லாம் அங்கே காத்திருக்கும். வறண்ட பூமியில் பிறந்த புத்தி அது.

தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தன. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது, இந்த வீட்டுக்காரர்கள் அங்கே வட்டித்தொழிலில் போட்ட பணம் சிக்கிக்கொண்டது. அதன் பிறகு எத்தனையோ வீடுகளின் தூண்களும் கதவுகளும் பிரித்து விற்கப்பட்டு, காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. அடுத்த முறை போனால் தூணை வாங்காதீர்கள். பழைய வீடு ஒன்றில் வாடகை கொடுத்துத் தங்குங்கள். ஓடு மாற்றவாவது அந்தப் பணம் உதவும்.