தேர் இழுக்க எத்தனை ஜிபி வேணும், பேராண்டி?

ஆறாயிரத்து ஐந்நூறு வெள்ளின்னு அடியில கோடு போட்ட காகிதத்த நீட்டிட்டு, "டிசைன் வேலைக்குத்தான் தாத்தா"ன்னு பால்வடியற மூஞ்சியோட நிக்கிறியே, அந்த நடிப்புக்கே ஐம்பது வெள்ளி தரலாம். நான் சுவாவுல தோட்ட மண்டோரா இருந்தவன்டா. லீவு கேட்டு வர்றவன்ல எவனுக்கு நிஜக் காய்ச்சல், எவனுக்குப் போர்ட்டிக்சன் கடற்கரைக் காய்ச்சல்னு விடியக்காலை பெரட்டுலயே கண்டுபிடிச்சவன்.

காகிதத்தக் கண்ணாடி போட்டுப் படிச்சேன். மொத வரி கிராபிக்ஸ் கார்டு. மொத்தக் காசுல பாதி அதுக்கே போயிடுது. ரெண்டாவது வரி 240 ஹெர்ட்ஸ் மானிட்டர். அப்படின்னா வினாடிக்கு 240 தடவை படம் மாறும்னு உன் தங்கச்சி சொன்னா. கோயில் நோட்டீஸ்ல நிக்கிற முருகன் அவ்வளவு வேகமாவா ஓடுறாரு? மயில்கூட நின்னுக்கிட்டுத்தானே இருக்கு! கடைசி வரியில பெட்டிக்குள்ள கலர் கலரா மின்னுற விளக்கு. தீபாவளிக்கு வாசல்ல மாட்டுறதுன்னா சொல்லு, அந்த வரிக்கு மட்டும் காசு இப்பவே தர்றேன்.

உன் அப்பன் காலத்துலயும் இந்தக் கூத்து நடந்துச்சு. 2000 வாக்குல இ.பி.எஃப். சேமிப்புலேருந்து பணம் எடுத்துக் கம்ப்யூட்டர் வாங்கிக்கலாம்னு விட்டாங்க. லயத்துக்கு லயம் வெள்ளைப் பெட்டி வந்து இறங்குச்சு. "பிள்ளைங்க படிப்புக்கு"ன்னு எல்லாரும் ஒரே பாட்டா பாடினாங்க. சாமி மேடைக்குப் பக்கத்துல வெச்சு, பின்னல் துணி போட்டு மூடி, வெள்ளிக்கிழமை பொட்டு வெச்சாங்க. பிள்ளைங்க சீட்டு அடுக்குற ஆட்டம் ஆடினாங்க. பெட்டியே வாங்காம ரசீது மட்டும் வாங்கின மகராசனுங்களும் உண்டு. பேரு வேண்டாம், அவனுங்க பேரன் பேத்தியெல்லாம் உன் சிநேகிதங்க. அந்தத் திட்டம் ரொம்ப நாள் நீடிக்கல.

பால்மரம் வெட்டத் தெரியாதவன்தான் மொதல்ல புது உளி கேப்பான். நான் உளியப் பாக்க மாட்டேன், நேரா அவன் நிரைக்குப் போயி பட்டையப் பாப்பேன். ஆழமா வெட்டிக் கட்டையக் காயப்படுத்தியிருந்தா அந்த இடத்துல பட்டை ஒழுங்கா வளராது, முண்டு முண்டாத்தான் வரும். வருஷக்கணக்குல அவன் கைவேலைய அந்த மரம் காட்டிக்கிட்டே நிக்கும். உன் பட்டையப் பாக்கணும்னா நான் எங்க போவேன்? திருவிழா பேனரத்தான் பாக்கணும்.

போன திருவிழாவுக்கு ஒரு பேனர் அடிச்சுக்கிட்டு வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? எந்தக் கடைன்னு கேக்காத, பாவம், அவனும் பொழைக்கணும். பன்னெண்டு அடி அகலம். அம்மனுக்குப் பின்னால தங்க ஒளிவட்டம், மேகம், மின்னல், தலைவர் படம் அம்மனவிட ஒரு சுத்து பெருசு. எல்லாம் பிரமாதம். நடுவுல 'தேர்த் திருவிழா'ன்னு வர வேண்டிய இடத்துல 'தரே்த் திருவிழா'! நன்கொடை தரேன் தரேன்னு சொல்லியே வருஷத்த ஓட்டுற ஆளுங்க எல்லாம் அதுக்குக் கீழயே வரிசையா நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க.

கடைப் பையனக் கேட்டா, "பழைய கம்ப்யூட்டர் ஐயா, கார்டு பத்தல"ங்கிறான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். தப்பு கார்டுல இல்ல. யூனிகோட்ல 'தே' அடிச்சா உள்ள 'த' முன்னாலயும் கொம்பு பின்னாலயுமாத்தான் சேமிச்சு வெக்குது. திரையில காட்டும்போது கொம்ப இழுத்து எழுத்துக்கு முன்னால நிறுத்த வேண்டியது மென்பொருளோட வேலை. போட்டோஷாப் ரொம்ப காலம் அந்த வேலையத் தானா செய்யல. செட்டிங்குல 'டைப்'புங்கிற இடத்துக்குப் போயி, 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்'கிறதத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்துச்சு. பின்னால வந்ததுல அதுக்கு 'வேர்ல்ட்-ரெடி'ன்னு பேரு. இன்டிசைன்லயும் 'வேர்ல்ட்-ரெடி' காம்போசர்னு ஒண்ணு இருக்கு, அத மாத்தணும். ரெண்டு தட்டு தட்டினா முடிஞ்சுது. இங்க்ஸ்கேப், கிம்ப்னு காசில்லாமக் கிடைக்குதே, அதுங்க எந்தத் தட்டும் இல்லாமலே கொம்பக் கொண்டுபோயி சரியான இடத்துல நிறுத்துது. பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல அடிச்சுக் கொடுத்தா அது வேற கூத்து. அந்த எழுத்துரு இல்லாத கடையில தெறந்தா அம்மன் பேரு இங்கிலீஷ் எழுத்தா சிதறிக் கிடக்கும்.

இதையெல்லாம் பெரிய பெட்டி வெச்சுத்தான் சாதிச்சாங்கன்னு நெனைக்காத. முத்து நெடுமாறன், நம்ம மலேசியாக்காரர். 1980கள்லயே கம்ப்யூட்டர்ல தமிழ உக்கார வெச்சவர். முரசு அஞ்சல் மென்பொருள் அவர் செஞ்சது. 2005ல செல்போன்ல தமிழ் அடிக்கச் செல்லினம் கொடுத்தாரு. ஆப்பிள் கம்ப்யூட்டர்லயே கூட வர்ற இணைமதி எழுத்துரு அவரு கைவேலை. அவரு ஆரம்பிச்ச காலத்துப் பிசியில ஒரு புரோகிராம் ஓடறதுக்குக் கிடைச்ச நினைவகம் 640 கிலோபைட். உன் காகிதத்துல 32 ஜிபி. அம்பதாயிரம் மடங்குக்கு மேல! அத்தனையும் வெச்சுக்கிட்டு நீயும் 'தரே'ன்னுதான் எழுதப் போறியா?

மென்பொருளப் பத்தியும் ரெண்டு வார்த்தை. உன் சித்தப்பன் அந்தக் காலத்துல கோலாலம்பூர் இம்பி பிளாசாவுக்குப் போயி, சில வெள்ளிக்குக் கள்ள சிடி வாங்கிட்டு வந்து, "போட்டோஷாப் வெச்சிருக்கேன்"னு காலர தூக்கி விட்டுக்குவான். 2013ல அடோபிக்காரன் புதுப் பதிப்புங்கள விக்கிறத நிறுத்திட்டு மாசச் சந்தாவுக்கு மாறிட்டான். லயத்து வீட்டுக்குக்கூட எங்க காலத்துல வாடகை இல்லடா, இவன் தூரிகைக்கு வாடகை கேக்குறான். கான்வாக்காரன் 2024ல அஃபினிட்டிங்கிற டிசைன் மென்பொருளோட கம்பெனிய வாங்கி, 2025 அக்டோபர்ல அந்த மென்பொருள இலவசமாவே விட்டுட்டான். இலவசம்னதும் ஓடாத. எது கையில வந்தாலும் மொதல்ல 'தேர்', 'கொடி', 'கௌரி' மூணையும் அடிச்சுப் பாரு. மூணும் ஒழுங்கா வந்தா வெச்சுக்க, இல்லன்னா அதுல இங்கிலீஷ் பிறந்தநாள் அட்டை மட்டும் செய். கள்ள மென்பொருள் மட்டும் வேண்டாம். பூட்டு உடைக்கிற ஃபைலோட திருடனும் சேர்ந்தே வர்றான், உன் அம்மா பேங்க் கணக்குப் பாக்குறதும் அதே பெட்டியிலதான்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். நான் ஆட்டத்துக்கு எதிரின்னு எவன் சொன்னான்? 2013ல நம்ம நாட்டு ஆரஞ்ச் டீம் அமெரிக்கா சியாட்டல்ல டோட்டா ஆட்டத்துல உலகத்துலயே மூணாவதா வந்துச்சு. 2024 ஜூலையில சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் ரியாத்துக்குப் போயி மொபைல் லெஜண்ட்ஸ்ல கோப்பையத் தூக்கினாங்க, மொதப் பரிசு பத்து லட்சம் அமெரிக்க டாலர். எதுல ஆடினாங்கன்னு கவனிச்சியா? கையில இருக்கிற போன்ல! உன் 240 ஹெர்ட்ஸும் இல்ல, மின்னுற விளக்கும் இல்ல. நீ அதே ஆட்டத்துல போன மாசம் வாங்கின சட்டை, அதான் அந்த ஸ்கின், என்ன விலைன்னு உன் அம்மாவுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன், இப்போதைக்கு.

இன்னொண்ணு. ஆட்டத்த ஆடறவன் ஒருத்தன், வரையறவன் ஒருத்தன். 2020ல வந்த நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்கிற ஆட்டம், மெட்ரோனோமிக்குன்னு இங்க இருக்கிற கம்பெனி செஞ்சது. ஜப்பான்ல ஃபைனல் ஃபேன்டசி 15ல வேலை பார்த்துட்டுத் திரும்பி வந்த வான் ஹஸ்மர்தான் அதத் தொடங்கினவர்ல ஒருத்தர். அதே வருஷம் கமாண்ட் அண்ட் காங்கர்ங்கிற பழைய ஆட்டத்தப் புதுசா மெருகேத்தி விட்டாங்களே, அதுக்குப் படம் செஞ்சு கொடுத்தது நம்ம நாட்டு லெமன் ஸ்கை. நீ டிசைன் படிக்கிறவன். அங்க வேலை கேட்டுப் போனா ரேங்க் என்னன்னு கேக்க மாட்டான், வரைஞ்சது எங்கன்னுதான் கேப்பான்.

சாமான் விலை ஏன் ஏறுதுன்னு நேத்து புலம்பினியே, அதுக்கும் காரணம் இருக்கு. சிலாங்கூர்ல எல்மினா தோட்டம்னு ஒண்ணு, நம்ம சனங்க வேர்வை சிந்தின இடம். பள்ளிக்கூடத்துப் பேர்ல இன்னமும் அந்தத் தோட்டம் இருக்கு. இப்ப அங்க சைம் டார்பி கூகுளுக்காக டேட்டா சென்டர் கட்டுது. ஜொகூர்லயும் அப்படித்தான். உலகம் முழுக்க ஏஐக்காகக் கட்டற அந்த மாளிகைங்க மெமரிய மொத்தமா அள்ளிக்கிட்டுப் போகுது. மூவார்லயும் பினாங்குலயும் ஃபேக்டரி வெச்சிருக்கிற மெமரி கம்பெனி மைக்ரான், 2025 டிசம்பர்ல, உன்ன மாதிரி சில்லறை ஆளுங்களுக்குக் குருசியல்கிற பேர்ல வித்த வியாபாரத்தையே விடறோம்னு சொல்லிடுச்சு. மண்ணும் நம்மது, செஞ்சு கொடுக்கிற கையும் நம்மது. உன் பெரியத்தை செனாவாங் எலெக்ட்ரானிக் கம்பெனிக்கு விடியக்காலை கம்பெனி பஸ் ஏறிப் போயி, மைக்ராஸ்கோப்புல கண்ண வெச்சு சிப்பு பார்த்தே பார்வையக் கெடுத்துக்கிட்டா. அவ பார்த்த சிப்ப அவ தம்பி மகன் வாங்க முடியல!

அந்த 5090 கார்டப் பத்தியும் பேசிக்கிட்டு இருந்த, காகிதத்துல இல்ல, கனவுல. ஒரு கார்டு மட்டும் 575 வாட் இழுக்குமாம். பக்கத்துல ஜிமாவுல கரண்டு நிலையம் இருக்குன்னு உனக்குத் துணிச்சல் போல. கரண்டு பில்லு என் பேர்ல வருது.

நம்ம ஊர்ல பெட்டிய வாங்கறது பெருசில்ல, காப்பாத்தறதுதான் பெருசு. சாயங்கால மழைக்கு முன்னால வர்ற இடி இருக்கே, அதுக்கு ஐ-செவனும் தெரியாது ஐ-ஃபைவும் தெரியாது. ஃபைபர் கம்பி கண்ணாடி, அதுல மின்னல் ஏறாது, ஆனா மோடத்துக்குக் கரண்டு கொடுக்கிற அடாப்டர் வழியா வரும். மேகம் கறுத்தா ரெண்டு பிளக்கையும் பிடுங்கு. பவர் சப்ளைக்குப் பின்னால ஓட்டை இருந்தா அங்க பல்லி குடியேறும், சூடு அதுக்குப் பிடிக்கும். போன தடவை உன் பெட்டி புகைஞ்சதுக்கு வைரஸ்னு சொன்ன. தெறந்தப்ப வால் தெரிஞ்சுது.

ஆக, என் தீர்ப்பக் கேட்டுக்க. ஆபீசுங்க கழிச்சு விக்கிற பழைய பெட்டி நல்லதா ஒண்ணு பாரு. இன்டெல்னா எட்டாம் தலைமுறைக்குக் கீழ வேண்டாம். 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்குக் காலம் முடிஞ்சுபோச்சு, எட்டாம் தலைமுறைக்குக் கீழ இருக்கிறத விண்டோஸ் 11 சேத்துக்காது. 16 ஜிபி மெமரி, எஸ்எஸ்டி, சின்னதா ஒரு கார்டு, நெறம் ஒழுங்கா காட்டுற மானிட்டர். விளக்கு கிடையாது. மூவாயிரத்துக்கு மேல ஒரு காசு என்கிட்டேருந்து வராது. அந்த மூவாயிரமும் எப்பன்னு கேளு. இந்தத் திருவிழாவுக்கு நீயே பேனர் செஞ்சு, 'தேர்'ல கொம்பு முன்னால நிக்கிறத என்கிட்ட காட்டற அன்னைக்கு. அதுவரைக்கும் தரே்.