ஐந்து விரலையும் விரி!

குடவோலை என்றதும் நம் மேடைப் பேச்சாளர்களுக்கு மார்பு விம்மும். உலகத்துக்கே தேர்தல் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான் என்பார்கள். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பொறுமையாக வாசித்தால் வேறு சங்கதி தெரியும். முதலாம் பராந்தகன் காலத்து ஊர்ப் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் காலணாவுக்கு நம்பவில்லை.

921ஆம் ஆண்டுக் கல்வெட்டு இது. வாரியம் என்ற ஊர்க் குழுவுக்கு ஆள் எடுக்க, பெயர் எழுதிய ஓலைகள் குடத்துக்குள். கோயில் அர்ச்சகர்களான நம்பிமார் அத்தனை பேரும் சபையில் ஆஜர். அவர்களில் வயதில் மூத்தவர் எழுந்து, குடத்தை எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத ஒரு சின்னப் பையன்தான் ஓலையை எடுக்க வேண்டும். அவன் நீட்டும் ஓலையை மத்தியஸ்தர் எப்படி வாங்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு: ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏந்தி.

ஒரு மனுஷன் விரலை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கல்லில் உளி பிடித்து வெட்டும் நிலைமை சும்மா வந்துவிடாது. முந்தைய குலுக்கல் ஒன்றில் யாரோ ஒரு மகானுபாவர் மாமனார் பெயர் எழுதிய ஓலையை விரலிடுக்கில் செருகிக்கொண்டு வந்திருப்பார் என்பது என் யூகம். கல்வெட்டு அவர் பெயரைச் சொல்லவில்லை, மானத்தைக் காப்பாற்றிவிட்டது. அப்படியும் சபைக்குத் திருப்தியில்லை. மத்தியஸ்தர் ஓலையை வாசித்தால் போதாதாம், அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் வாங்கி வாசிக்க வேண்டுமாம். இன்று ஓட்டு இயந்திரத்தோடு இணைந்த விவிபாட் பெட்டியில் ஓட்டுச்சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி முகம் காட்டிவிட்டு விழுந்துவிடுகிறது. உத்திரமேரூர்க்காரர்கள் இருந்தால் கண்ணாடியை உடைத்திருப்பார்கள்.

வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, சின்னம்மா பிள்ளை, பெரியம்மா பிள்ளை, அத்தை மகன், தாய்மாமன், மாமனார், மைத்துனன், மருமகன் என்று கல்யாணப் பத்திரிகை போல நீண்டுகொண்டே போகிறது தடைப்பட்டியல். இன்றைக்கு இந்த விதியைக் கொண்டுவந்தால் பல கட்சிகளில் செயற்குழு கூட்டவே ஆள் மிஞ்சாது.

(நியாயமாகச் சொன்னால் இது தேர்தலே இல்லை, குலுக்கல். அந்தக் குடத்தில் பெயர் ஏறவே கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் வேண்டும். மற்றபடி சுத்தமான மக்களாட்சி.)

ஆயிரம் வருஷத்தைத் தாண்டிக் குதிப்போம். நடுவில் ராஜாக்கள் ஆண்டார்கள், கள்ள ஓட்டுக்கு வேலையில்லை. சுதந்திரம் வந்ததும் தொழில் சூடு பிடித்தது. செத்தவர்கள் வரிசையில் நின்றார்கள். பீகார் பக்கம் அந்தச் சிரமம்கூட வேண்டாமென்று சாவடியையே கைப்பற்றி, சீட்டுக் கட்டை மொத்தமாகக் குத்தித் தள்ளினார்கள். சரி, காகிதத்தை ஒழித்தால் திருட்டும் ஒழியும் என்று தேர்தல் ஆணையம் மின்னணு இயந்திரத்தைக் கையில் எடுத்தது. வெள்ளோட்டத்துக்கு 1982 மே மாதம் கேரளத்தின் பறவூர்த் தொகுதியில் 50 சாவடிகள். மற்ற சாவடிகளில் பழைய சீட்டுதான்.

காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி.ஜோஸ். சில மாதங்களுக்கு முன்புதான் சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்து, திரும்பத் திரும்பத் தன் ஒற்றை ஓட்டைப் போட்டு முதல்வர் கருணாகரன் மந்திரிசபையை முட்டுக்கொடுத்து நிறுத்தியவர். ஓட்டின் அருமை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிரே இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சிவன் பிள்ளை.

இயந்திரம் வேண்டாமென்று முதலில் கோர்ட்டுக்கு ஓடியவர் சிவன் பிள்ளை. வாக்குப்பதிவுக்கு முன்பே கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்; நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. ஜோஸுக்கு அப்போது இயந்திரத்தின்மேல் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஓட்டு எண்ணினார்கள். பிள்ளைக்கு 30,450, ஜோஸுக்கு 30,327. வித்தியாசம் 123. பிள்ளையின் ஓட்டில் 19,182 அந்தப் பாழாய்ப்போன இயந்திரம் தந்தது. சீட்டில் கிடைத்தது 11,268தான்.

ஒரே ராத்திரியில் இருவரும் ஞானம் மாற்றிக்கொண்டார்கள். இயந்திரத்தைப் பேயாகப் பார்த்த பிள்ளைக்கு அது குலதெய்வமாகிவிட்டது. ஜோஸ் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் தோற்று, உச்ச நீதிமன்றம் வரை போனார். 1984இல் தீர்ப்பு வந்தது. யாரும் பித்தானில் மோசடியைக் கண்டுபிடித்து ஜெயிக்கவில்லை. சட்டத்திலும் விதியிலும் வாக்குச்சீட்டு, பெட்டி என்று எழுதியிருக்கிறது. இயந்திரம் என்று எங்குமே இல்லை. சட்டத்தில் இல்லாததை ஆணையம் தன் இஷ்டத்துக்குப் புகுத்த முடியாது. தேர்தல் செல்லாது, அந்த 50 சாவடிகளிலும் சீட்டு வைத்து மறுபடி நடத்து என்றது நீதிமன்றம்.

நடத்தினார்கள். ஜோஸ் ஜெயித்தார்.

இயந்திரத்துக்குச் சட்டத்தில் இடம் போட நாடாளுமன்றத்துக்கு 1988 ஆயிற்று. சிவன் பிள்ளை 1982இல் நீதிமன்றத்தில் கேட்டது 1984இல் அட்சரம் பிசகாமல் கிடைத்தது: அந்த 50 சாவடிகளிலும் காகிதச் சீட்டு. எம்.எல்.ஏ. பதவிதான் போய்விட்டது.