கர்னல்காரர்

ஓடுகிற எதையும் அப்படியே ஓடவிட மனசு வராத ரகம் இவர். வாரம் முழுக்க ஆபீசில் வாயைத் திறக்க மாட்டார். சனிக்கிழமை சாயங்காலம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்த்தால் ஆள் வேறு. கடைப் பையன் "கேஸ் வேணுமா சார்?" என்பான். "வேணாம்ப்பா, அடிக்கடி கழட்டணும்" என்பார். கையில் ஏ.டி.எம். கார்டு அளவில் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று இருக்கும்.

வீட்டில் சொல்லும் காரணம் தனி. "பசங்க புரோகிராமிங் கத்துக்கணும்னுதான் இங்கிலாந்துல இதைச் செஞ்சாங்க. 2012ல 35 டாலருக்கு விட்டாங்க, தெரியுமா?" அத்தனையும் உண்மை. ஆனால் ஆசையாகக் கை நீட்டிய பையனுக்கு விழுவது திட்டு: "தொடாதடா, ஸ்டேட்டிக் கரண்ட்!"

அன்று ராத்திரியே வீட்டில் சாமான்கள் காணாமல் போகும். மைக்ரோ எஸ்.டி. கார்டு மனைவியின் பழைய போனிலிருந்து வரும். டி.வி., சீரியல் நேரமாகப் பார்த்து, மானிட்டராக மாறும். சார்ஜர் மகளுடையது. ராஸ்பெரி பை 4க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். போன் சார்ஜருக்கு அந்தத் தெம்பு இல்லை. திரை மூலையில் மஞ்சள் மின்னல் குறி வந்து வந்து போகும். "அது ஒண்ணுமில்ல" என்பார்.

கார்டில் லினக்ஸ் எழுத, பட்டனைத் தட்டினால் முடித்துத் தரும் மென்பொருள் இருக்கிறது. அது இவருக்குக் கௌரவக் குறைச்சல். 'டிடி' கட்டளைதான் போடுவார். அதற்கு "நிச்சயமாகவா?" என்று கேட்கும் பழக்கமே கிடையாது. 'எஸ்டிபி' அடிக்கும் இடத்தில் 'எஸ்டிசி' அடித்துவிட்டால், கார்டை விட்டுவிட்டுப் பக்கத்து ஹார்ட் டிஸ்க் மேல் லினக்ஸ் ஏறிவிடும். மகளின் காதுகுத்து, அத்தையின் அறுபதாம் கல்யாணம் எல்லாம் அதில்தான் இருந்தன என்பதை ரொம்ப நாளைக்கு வெளியே சொல்ல மாட்டார்.

ஒருவழியாக டெஸ்க்டாப் வரும். வந்ததும் முகம் வாடும். "ஸ்டாக் கர்னல். வேண்டாத டிரைவர் ஏகப்பட்டது கெடக்கு." உடனே லினக்ஸின் கருவான அந்தக் கர்னலின் சோர்ஸ் இறங்கும். 'மெனுகான்ஃபிக்' நீலத்திரையில் ஆயிரக்கணக்கான வரிகள். ஜாய்ஸ்டிக் நமக்கெதற்கு? எடு. ஹாம் ரேடியோ யார் பேசப் போகிறார்கள்? எடு. நள்ளிரவு தாண்டிய உற்சாகத்தில் 'இஎக்ஸ்டி4'-ம் போய்விடும். கார்டில் இருக்கும் ரூட் பார்ட்டிஷனைப் படிக்கத் தெரிந்தது அது ஒன்றுதான்.

லேப்டாப்பில் கிராஸ் கம்பைல் செய்தால் சீக்கிரம் முடியும். போர்டிலேயே கம்பைல் செய்வதுதான் இவர் ஆசாரம், அதற்கு மணிக்கணக்காகும். 80 டிகிரி செல்சியஸைத் தொட்டால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சென்னை மே மாதத்தில் அதற்கு ரொம்பப் பாடுபட வேண்டியதில்லை. ஆகவே அம்மாவின் டேபிள் ஃபேன் போர்டுப் பக்கம் திரும்பும்.

"ஏண்டா, எனக்கு வேர்க்குதேடா?"

"அதுக்கும்தாம்மா வேர்க்குது."

விடிந்ததும் ரீபூட். திரையில் வானவில் சதுரம் வந்து அசையாமல் நிற்கும். போர்டின் பச்சை விளக்கு சிமிட்டுவதை, நாடி பிடித்த வைத்தியர் போல மூச்சடக்கி எண்ணுவார். ஏழு சிமிட்டு என்றால் கர்னல் ஃபைலே அகப்படவில்லை என்று அர்த்தம். ஃபைல் பெயரைத் திருத்துவார். இப்போது வரிவரியாக ஓடி, கடைசியில் 'கர்னல் பேனிக்' என்று நிற்கும். ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்ய வழியில்லையாம். அவர் முகத்தில் அப்போதுதான் களை வரும்.

"ஏங்க, பால் வாங்கிட்டு வரச் சொன்னேனே?"

"இரும்மா, கர்னல் பேனிக் ஆயிருக்கு."

"பால் வரலேன்னா நானும் ஆவேன்."

கடைசியில் ஒருநாள் ஜெயிப்பார். 'யூநேம் -ஆர்' அடித்தால் கர்னல் பதிப்பு எண்ணுக்குப் பின்னால் 'முருகன்துணை' என்று வரும். கம்பைல் செய்கிறவர் இஷ்டப்படி வால் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. வந்த விருந்தாளிக்குக் காபிக்கு முன்னால் இதுதான். "இதனால என்ன லாபம் சார்?" என்று அவர் கேட்டால், "பூட் ஆக ரெண்டு செகண்ட் கம்மி!" என்பார். போர்டு இருபத்துநாலு மணி நேரமும் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

சந்தோஷம் அடுத்த 'ஆப்ட் அப்கிரேட்' வரைக்கும்தான். சொந்தக் கர்னலுக்கு வேறு ஃபைல் பெயர் வையுங்கள் என்று கையேடு படித்துப் படித்துச் சொல்லியிருக்கும். வைத்திருக்க மாட்டார். ஸ்டாக் கர்னல் மறுபடி வந்து அதே இடத்தில் உட்கார, முருகன் துணை போயே போச்சு. வருத்தப்படுவார் என்று நினைத்தீர்களா? "அடடா, முதல்லேர்ந்து போடணுமே!" என்று சொல்லும்போது அந்தக் குரலில் தீபாவளி தெரியும்.

நல்ல மனுஷர்தான், தெருவில் யார் வீட்டு வைஃபை படுத்தாலும் காசு வாங்காமல் எழுப்பிக் கொடுப்பார். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தால், இதனால் என்ன பிரயோஜனம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார். சார்ஜரை ஒளித்து வையுங்கள். போட்டோக்களை இரண்டு காப்பி எடுத்து, ஒன்றை உங்கள் அம்மா வீட்டில் கொடுத்துவிடுங்கள்.