விலக்கு பெற்ற புகை

ஹரியானாவில் 2023-இல் ஓட்டல், பார்களில் ஹூக்கா பரிமாறத் தடை வந்தது. கையோடு ஒரு சலுகை: கிராமத்துப் பாரம்பரிய ஹூக்காவுக்கு இது பொருந்தாது. குருகிராம் பாரில் ஸ்ட்ராபெர்ரி மணக்கப் பரிமாறினால் குற்றம். ரோத்தக் பக்கம் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபடி பெரியவர் இழுத்தால் பண்பாடு. நுரையீரலுக்கு இந்த வித்தியாசத்தை யாராவது எடுத்துச் சொன்னால் தேவலை.

அந்தக் கிராமங்களில் ஹூக்காக் குழாய் கைமாறுவதுதான் மரியாதை. ஒருவரை ஊரை விட்டு ஒதுக்கினால் அவருக்கு ஹூக்காவும் தண்ணீரும் சேர்ந்தே நின்றுபோகும்.

“தண்ணீர் வடிகட்டிவிடுமே!” என்பது பாருக்கும் கட்டிலுக்கும் பொதுவான சமாதானம். தண்ணீர் புகையைக் குளிர வைக்கும், அவ்வளவுதான். கரி கக்கும் கார்பன் மோனாக்சைடு நனையாமல் தாண்டிவிடும். ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் 100 சிகரெட் அளவு புகைகூட உள்ளே போகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2005-இலேயே எச்சரித்தது. பெரியவருக்கோ சிகரெட் வாசனையே ஆகாது.