ஈ, தா, கொடு: 1095 படிவங்களின் இலக்கணம்

அமெரிக்கத் தமிழர் வீடுகளில் கொலு பொம்மைகளுக்கு அடுத்தபடி பத்திரமாகப் பேணப்படும் பொருள் 1095-சி படிவமே என்பது இவ்வாய்வின் துணிபு. ஆய்வுக்களம் நியூ ஜெர்சியில் ஓர் அடுக்ககம்; சான்று, சமையலறை இழுப்பறை.

மருத்துவக் காப்பீட்டு விவரம் காட்டும் இப்படிவ இனம் மூன்று. ஐம்பதோ அதற்கு மேலோ முழுநேர ஊழியர்கள் உள்ள நிறுவனம் தருவது 'சி'. காப்பீட்டு நிறுவனமோ மெடிகெய்ட் போன்ற அரசுத் திட்டமோ தருவது 'பி'. 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தால் பிறந்த மார்க்கெட்பிளேஸில் நாமே காப்பீடு வாங்கினால் வருவது 'ஏ'.

என் 'சி'யின் 14ஆம் வரியில் '1ஈ' என்றிருந்தது. ஊழியர், துணை, பிள்ளைகள் எல்லோருக்கும் நிறுவனம் காப்பீடு அளிக்க முன்வந்தது என்பது அதன் பொருள். 'ஈ' என்று கேட்பவர் தாழ்ந்தவர், 'தா' என்பவர் ஒப்பானவர், 'கொடு' என்பவர் உயர்ந்தவர் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. ஆகவே இக்குறியீட்டை அமைத்த வாஷிங்டன் அதிகாரி தமிழ் கற்றவர் என்பது வெள்ளிடைமலை. அது வெறும் ஆங்கில ஐந்தாம் எழுத்து என்பாரும் உளர். அவர் கூற்றைப் பொருட்படுத்தற்க.

வருமான வரி ரிட்டர்னை இ-ஃபைல் செய்யும்போது இந்த 'சி'யை என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். ஸ்கேன் எடுத்து இணைக்கவும் வேண்டாம். காப்பீடு இல்லாதவருக்கான மத்திய அபராதம் 2019 முதல் பூஜ்யம். அதே 2019இல் நியூ ஜெர்சி தன் சொந்த அபராதத்தைத் தொடங்கியது வேறு கதை. அம்மாநில ரிட்டர்னிலும் காப்பீடு இருந்ததைக் குறித்தால் போதும்.

'ஏ' அப்படியன்று. வேலை மாறிய இடைவெளியில் மூன்று மாதம் மார்க்கெட்பிளேஸ் காப்பீட்டில் இருந்தேன். அதற்கான 'ஏ', ஆன்லைன் கணக்கில் திறப்பாரின்றிக் கிடந்தது. நானோ 'சி'யை மேசையில் விரித்து, அதன் சுருக்கம் நீவி, நள்ளிரவில் ரிட்டர்னை அனுப்பினேன். மறுநாள் காலை ரிஜெக்ட்.

'ஏ'யில் 21 முதல் 32 வரை மாதத்துக்கு ஒரு வரி, வரிக்கு மூன்று பத்தி. மூன்றாம் பத்தியில் உள்ளது, நம் பிரீமியத்துக்காக அரசு காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே கட்டிய தொகை. அங்கே எண் இருந்தால் 8962 படிவத்தில் கணக்கை நேர் செய்தே ஆக வேண்டும். இல்லையேல் ரிட்டர்ன் சுவரில் அடித்த பந்து. கட்டிய விவரம் வரித்துறைக் கணினிக்கு நமக்கு முன்பே தெரியும்.

8962ஐ நிரப்பினேன். புது வேலைச் சம்பளத்தால் ஆண்டு வருமானம் ஏறியிருந்தது. முன்பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் 'கொடு' என்றது கடைசி வரி. உயர்ந்தோன் சொல் அன்றோ! ஒப்பாருக்குரிய 'தா' மட்டும் எந்தப் படிவத்திலும் தென்படவில்லை.

"அப்போ இந்த சி எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாமா?" என்றாள் மனைவி. மூன்று வருடமாவது வைத்திருப்பது மரபு என்றேன்.

பிற்சேர்க்கை: 2024 டிசம்பரில் வந்த சட்டப்படி, முறையாக ஓர் அறிவிப்பு வெளியிட்டுவிட்டால், கேட்கும் ஊழியருக்கு மட்டும் நிறுவனம் 'சி'யைத் தந்தால் போதும். ஆகவே இனி அதற்கும் நாம்தான் 'ஈ' என்று வாய்திறக்க வேண்டும்.